திருப்பி வைத்த குல்லாய்

மூன்று நாளாக விடாத மழை. மழை பெய்தால் எனக்கு வேலை அதிகம். தையல் மிஷினுக்கு ஈரம் ஆகாது. இரும்பு துருப்பிடிக்கும், பெல்ட் தொய்ந்துபோகும், நேற்றுவரை நன்றாக ஓடிய மிஷின் இன்று சண்டி மாடு மாதிரி படுத்துக்கொள்ளும். ஜனங்கள் அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். நானும் பெரிய வைத்தியர் மாதிரி அடிமூடியைக் கழற்றிப் பார்த்து 'ச்சு' கொட்டுவேன். பாதி வியாதிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் போதும். அதை வெளியே சொல்ல நான் என்ன பைத்தியமா?

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் என் கடை. எனக்கு நேர் மேலே டிரைவர் குடியிருந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். மதிய ஷிப்ட் உள்ள நாட்களில் காலை பத்து மணிக்குப் பேப்பரோடு இறங்கி வந்து என் ஸ்டூலில் உட்காருவார். என் கை எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு. பேப்பரைத் தொட முடியாது. அதனால் அவர் வாசிப்பார், நான் தீர்ப்புச் சொல்வேன். உலகத்தில் நான் தீர்ப்புச் சொல்லாத விஷயமே கிடையாது.

அன்றைக்கு வாசித்தது கடைத் திருட்டைப் பற்றிய புதுச் சட்டம். இதுவரை கடையில் சின்னப் பொருளை எடுத்து மாட்டினால் அபராதம், ஒரு எச்சரிக்கைத் தாளில் கையெழுத்து, அவ்வளவுதான். இனிமேல் அப்படி இல்லை. இரண்டு வருஷத்துக்குள் மூன்றாவது தடவை மாட்டினால் பொருள் என்ன, எவ்வளவு பெறும் என்ற பேச்சே கிடையாது. நேரே வழக்கு, ஜெயில்.

"நல்லா வேணும்!" என்றேன். கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினேன். "இதை எப்பவோ கொண்டுவந்திருக்கணும். ஒரு தடவை தப்பு, சரி. ரெண்டாவது தடவை புத்தி கெட்டுப் போச்சு, சரி. மூணாவது தடவையும் கை நீளுதுன்னா அது கை இல்ல தம்பி, தொழில். உள்ள தூக்கிப் போட்டாத்தான் புத்தி வரும்."

டிரைவர் பேப்பரை நான்காக மடித்தார். அதையே எட்டாக மடித்தார்.

"அண்ணே, எங்க அக்கா ரெண்டு தடவை மாட்டியிருக்கு" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

அவருடைய அக்காவைக் கட்டடமே அத்தை என்றுதான் கூப்பிடும். டிரைவரின் மகள் கூப்பிட்டது எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள், அத்தை மட்டும் எங்கள் எல்லோருக்கும் அத்தையாகவே இருந்தார். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். ஒல்லி, நிமிர்ந்த நடை, அதிர்ந்து பேசமாட்டார். சட்டை தைக்கிற பெரிய ஃபாக்டரியில் முப்பத்தொரு வருஷம் வேலை. காலர் மட்டும்தான் தைப்பார். அத்தனை வருஷத்தில் ஒரு முழுச் சட்டை தைத்ததில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். தம்பி வீட்டிலிருந்துதான் வேலைக்குப் போய்வந்தார். ஃபாக்டரியை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அந்த அத்தையா?

"என்னத்த எடுத்தாங்க?"

"ரெண்டும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில. மொத தடவை ஒரு சீப்பு. போன வருஷம். ரெண்டாவது நகப்பூச்சு. நாலு மாசம் ஆச்சு. சிவப்பு கலர் அண்ணே. அக்கா என்னிக்காவது நகத்துக்குப் பூசிப் பார்த்திருக்கீங்களா?"

"அப்புறம் எதுக்கு?"

"கேட்டா, 'தெரியலடா'ங்குது. அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்குது. ஃபோட்டோ எடுத்து வச்சிருக்காங்க அண்ணே. மூணாவது தடவைன்னா..." அவர் எட்டாக மடித்த பேப்பரைச் சட்டைப் பையில் செருகினார். "இந்தச் செய்தி வேற வீட்டுக்கு வந்திருந்தா நானும் உங்கள மாதிரிதான் பேசியிருப்பேன்."

மேலே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவரின் மனைவி தையல்காரி. முன்னறையில் மிஷின் போட்டு, துணியைப் பிடித்துக் கொடுப்பது, தளர்த்திக் கொடுப்பது, ஜிப் மாற்றுவது என்று பழுதுவேலை எடுத்துச் செய்கிறவள். அவளுடைய மிஷின் சத்தம் என் கூரை வழியாக இறங்கும். அதை வைத்தே மேல் வீட்டு நிலவரம் எனக்குத் தெரிந்துவிடும். சீராக ஓடினால் வீட்டில் அமைதி. வெட்டி வெட்டி ஓடினால் ஏதோ வாக்குவாதம். அன்று மதியம் டிரைவர் மேலே போனதும் மிஷின் நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் சத்தமே இல்லை.

இரண்டு நாள் கழித்து அவளே பாபின் பெட்டியோடு இறங்கி வந்தாள். நூல் சிக்குகிறது என்றாள். திறந்து பார்த்தால் பஞ்சு அடைந்திருந்தது. சுத்தம் செய்துகொண்டே, "வீட்ல என்ன முடிவு?" என்று கேட்டேன்.

"என்ன முடிவு அண்ணே? அவர் அண்ணிகிட்ட சட்டத்தைச் சொன்னார். அவங்க 'சரிடா'ன்னாங்க. சோத்தைப் போட்டுக் குடுத்தா 'சரிம்மா'ங்கிற மாதிரி சொல்றாங்க. கடைக்குப் போற வேலையெல்லாம் இனிமே நான்தான்னு சொல்லிட்டேன். அவங்க ஸ்வெட்டர், கோட்டு, எல்லாத்துலயும் பையைத் தைச்சு மூடிட்டேன்."

"பையைத் தைச்சா?"

"ஆமா. ஏழு பை. ரெட்டைத் தையல். கண்ணுக்கே தெரியாது."

சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தையல்காரிக்குத் தெரிந்த வழி தையல். நான் என்றால் கதவுக்கு எண்ணெய் விடாமல் வைத்திருப்பேன், திறந்தால் சத்தம் கேட்குமே என்று. அவரவர் புத்தி அவரவர் கையில்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு மனுஷியை எவ்வளவு நாள் வீட்டுக்குள் வைக்க முடியும்? அத்தை காலையில் உருளைக்கிழங்கு தோலைக் காகிதம் மாதிரி மெல்லிசாகச் சீவி வைப்பார், பாத்திரம் கழுவுவார், துணி உலர்த்துவார். மழை என்பதால் துணி அறைக்குள்தான் தொங்கும். ஈர வாடை கீழ்ப்படி வரைக்கும் வரும். வேலை முடிந்தால் மதியம் மூன்று மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவார். எங்கள் தெருமுனையில் அந்தப் பெரிய கடை. சோப்பு முதல் செருப்பு வரை எல்லாம் விற்கும். எங்கே நடந்தாலும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அடுத்த வாரம் தையல்காரி மறுபடி வந்தாள். பாபின் பெட்டி இல்லை. கையில் கொண்டை ஊசி அட்டை ஒன்று, விலைச் சீட்டோடு.

"பையைத் தைச்சேன் அண்ணே, கைமடிப்பை விட்டுட்டேன்" என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். "துவைக்கப் போட்ட ஸ்வெட்டர்ல இருந்துச்சு. பத்தொம்பது வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். ஒரு சொல்லு கடுமையா சொன்னதில்ல. இவங்களை ஜெயில்ல கொண்டுபோய்ப் போட்டா எனக்குச் சோறு இறங்குமா?"

டிரைவரும் அவளைத் தேடிக்கொண்டு இறங்கி வந்தார். மூன்று பேருமாக என் கடையில் மாநாடு. டீ வரவழைத்தேன். மழை கடை வாசல் தகரத் தாழ்வாரத்தில் கொட்டியதில் கொஞ்சம் சத்தமாகவே பேச வேண்டியிருந்தது.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம்" என்றார் டிரைவர். "இது ஒரு வியாதின்னு எங்க டிப்போவுல ஒருத்தர் சொன்னார்."

"வருவாங்களா?"

"கேட்டேன். 'எனக்கு என்னடா நோவு'ங்குது."

"கடைக்காரர்கிட்ட நாமளே போய்ச் சொல்லிட்டா?" என்றாள் தையல்காரி. "எங்க வீட்ல இப்படி ஒரு ஆள் இருக்காங்க, வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுங்கன்னு."

நல்ல யோசனை. இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் சரியான யோசனை என்று படுகிறது. ஆனால் கூட்டத்தில் நான் இருந்தேனே!

"பைத்தியமா உனக்கு?" என்றேன். "இருக்கிறது ரெண்டு. நீயே போய் மூணாவதை ஒப்புக்கொடுக்கப் போறியா? இந்த அட்டையைக் கொண்டுபோய் இருந்த இடத்துல வச்சிடு. பொருள் திரும்பிட்டா திருட்டு ஏது? யார் கேக்கப் போறா? கடையிலிருந்து எடுத்துட்டு வர்றவங்களைத்தான் பார்ப்பான். கொண்டுபோய் வைக்கிறவங்களை எவன் பார்ப்பான்?"

டிரைவர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "அண்ணன் சொல்றதும் சரிதான்" என்றார். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் பேச்சை யாராவது கேட்டுவிட்டால் அவனுக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அன்று இரண்டாவது டீயும் நானே வாங்கிக் கொடுத்தேன்.

கொண்டை ஊசி அட்டை திரும்பிப் போனது. பிறகு ஒரு சோப்பு. பிறகு குழந்தைகள் சூப்புகிற ரப்பர் ஒன்று. அத்தை எடுப்பதும், இவள் தேடிக் கண்டுபிடிப்பதும், அடுத்த நாள் அரிசி வாங்கப் போகிற சாக்கில் திருப்பி வைப்பதுமாக ஒரு மாதம் ஓடியது. அத்தைக்கு இது தெரியுமா? தெரிந்திருக்க வேண்டும். தலையணைக்கு அடியில் வைத்தது மறுநாள் காணோம் என்றால் யாருக்குத்தான் தெரியாது? இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் நின்று ரொட்டி சுட்டார்கள், ஒரே பாத்திரத்தில் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டார்கள், இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எனக்கு மேலே மிஷின் சீராக ஓடியது. நான் நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் அந்தக் குல்லாய் வந்தது.

கைக்குழந்தைக் குல்லாய். மஞ்சள் துணி, காதை மூடும் மடிப்பு, உள்ளே ஒரு லேபிள். செவ்வாய்க்கிழமை தலையணை உறையில் கிடைத்திருக்கிறது. மறுநாளே கொண்டுபோய் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கையில் எடுத்துப் பார்த்தவள் தையல்காரி. ஓரத் தையல் கோணல். லேபிள் ஒரு பக்கம் கிளம்பி நின்றது. குழந்தையின் நெற்றியில் உறுத்துமே! அவளால் அதை அப்படியே விட முடியவில்லை. லேபிளைப் பிரித்தாள், ஓரத்தைப் பிரித்தாள், இரண்டையும் தன் கையால் ஒழுங்காகத் தைத்தாள். பிரித்தபோது லேபிளுக்குள் ஏதோ ஒரு மெல்லிய பட்டை கிடந்ததாம். விறைப்புக்காகப் போட்ட அட்டை என்று நினைத்து, உறுத்துகிற சனியன் என்று தூக்கிப் போட்டுவிட்டாள். அதுதான் வாசலில் மணியடிக்க வைக்கிற பட்டை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாள் வந்த சோப்பிலும் ஊசியிலும் அப்படி எதுவும் இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மழையில் கரண்ட் போயிருந்ததால் அத்தை எடுத்துவந்தபோது மணியும் அடிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் மூன்றரைக்கு என் கடை ஃபோன் அடித்தது. டிரைவர் வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார் என்பதால் தையல்காரி என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெரிய கடையின் மேனேஜர் பேசினார். குரலில் கோபம் ஒன்றுமில்லை. "உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இங்க இருக்காங்க. வீட்லயிருந்து யாராவது வாங்க" என்றார்.

டிப்போவுக்குத் தகவல் சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். திரும்பினால் அத்தை. குடையோடு நடக்கக் கிளம்பி, படியில் இறங்கி நிற்கிறார்.

"எங்க போறீங்க மிஷின்காரரே, வேலை நேரத்துல?"

பொய் சொல்லியிருக்கலாம். தினமும் ஆயிரம் பொய் சொல்கிற வாய், மிஷின் செத்துப்போச்சு, மோட்டார் போச்சு என்று. அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை.

"கடையில உங்க தம்பி பொண்டாட்டியைப் பிடிச்சு வச்சிருக்காங்க" என்றேன்.

அத்தை என்ன ஏது என்று கேட்கவில்லை. குடையை விரித்தார். என்னையும் அதற்குள் வரச்சொன்னார். தெருமுனை வரை வேகமாக நடந்தோம்.

கடையின் பின்பக்கம் சரக்கு அறை. அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு மேஜை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. மேனேஜர் ஐம்பது வயதுக்காரர், கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. வாசலில் காவல்காரப் பெண் நின்றாள். தையல்காரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் குல்லாய். எனக்குப் பின்னால் அத்தையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, இவங்கள எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

மேனேஜர் எனக்கு விளக்கினார். இந்த அம்மா பையிலிருந்து குல்லாயை எடுத்து அலமாரியில் வைத்ததைக் காவல்காரப் பெண் பார்த்திருக்கிறாள். சந்தேகப்பட்டு எடுத்துப் பார்த்தால் லேபிள் வேறு நூலில் தைத்திருக்கிறது, உள்ளே பட்டை இல்லை.

"சாதாரணமா எடுத்திருந்தா மொத தடவைக்கு எச்சரிக்கைத் தாள்தான் சார். நானே கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிடுவேன். ஆனா பட்டையைப் பிரிச்சு எடுத்திருக்காங்க. அது வேற கணக்கு. மொத தடவையே போலீஸைக் கூப்பிடணும்னு இப்ப சட்டம். இந்தத் தையலைப் பாருங்க, பழகின கை. பெரிய கும்பல்ல இருக்கிறவங்க வேலை மாதிரி இருக்கு."

"கும்பலா!" என்றாள் தையல்காரி. "உங்க தையல் கோணலா இருந்துச்சு சார். குழந்தைக்கு உறுத்தும். அதான் பிரிச்சுத் தைச்சேன்."

"திருடின பொருளை யாராவது நல்லாத் தைச்சுக் கொண்டுவந்து வைப்பாங்களா சார்?" என்று நானும் கேட்டேன்.

"அதைத்தான் நானும் கேக்குறேன். எடுத்தீங்களான்னா 'ஆமா நான்தான் எடுத்தேன்'ங்கிறாங்க. எதுக்கு எடுத்தீங்க, எதுக்குத் திருப்பி வச்சீங்கன்னா பதில் இல்ல."

நான்தான் எடுத்தேன். அவள் அதைச் சொல்லிவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தைக்கும் அப்போதுதான் தெரிந்தது. நான் அத்தையின் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன், பேசாதீர்கள் என்று. இவள் பெயரை எழுதினால் வழக்கு வரும், வக்கீல் வைக்கலாம், வாதாடலாம். அத்தை பெயரை எழுதினால் வாதாட ஒன்றுமே இல்லை. மூன்று, அவ்வளவுதான். பதற்றத்திலும் என் மண்டை தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தது.

காவல்காரப் பெண் கிட்டே வந்தாள். "உள்ள வர்றவங்க பையைப் பார்க்கணும்மா" என்றாள்.

அத்தை கைப்பையை மேஜையில் வைத்தார். குடையைச் சுவரில் சாய்த்தார். பிறகு கொண்டையை அவிழ்த்தார். முடியை விரலால் இரண்டு தடவை உதறினார். காலைக் கொஞ்சம் அகட்டி, இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"ஐயோ, என்னம்மா இது! நான் பையைத்தான் கேட்டேன். கையை இறக்குங்க" என்று காவல்காரப் பெண் பதறிப்போனாள்.

அத்தை கையை இறக்கினார். அவருக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. "பழக்கம்மா" என்றார். "எங்க ஃபாக்டரி வாசல்ல தினமும் இப்படித்தான். கொண்டைக்குள்ள நூல்கண்டு ஒளிச்சு வச்சிருக்கோமான்னு பார்ப்பாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வரிசையா நிப்போம். மழை பெஞ்சாலும் நிப்போம்."

"எத்தனை நாள்?" என்று கேட்டார் மேனேஜர்.

"நாளா? முப்பத்தொரு வருஷம்."

"ஏதாவது எடுத்திருக்கீங்களா அங்க?"

"ஒரு ஊசி எடுத்ததில்ல." அத்தை நாற்காலியில் உட்கார்ந்து கொண்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டார். நான் அவர் அவ்வளவு பேசி அதுவரை கேட்டதில்லை. "ஒண்ணும் எடுக்கலைன்னாலும் வாசல் கிட்ட வந்தா நெஞ்சு அடிச்சுக்கும் தம்பி. இப்ப கூப்பிடுவாங்க, இப்ப தடவுவாங்கன்னு. வேலை போன பிறகு நிக்கும்னு நினைச்சேன். நிக்கல. எந்தக் கடை வாசல்லயும் அடிச்சுக்குது. ஏதாவது ஒண்ணு கையில இருந்தா, அடிக்கிறதுக்கு ஒரு காரணமாவது இருக்குதுல்ல? அப்போ கொஞ்சம் அடங்குது."

காவல்காரப் பெண் அத்தையின் கைப்பையைத் திறக்காமலே அவர் பக்கம் நகர்த்தினாள். இத்தனை வருஷம் கீழே உட்கார்ந்து மேலே ஓடுகிற மிஷின் சத்தத்தை வைத்தே வீட்டைத் தெரிந்துகொண்டதாகப் பெருமையடித்தேனே, இந்தப் பெண்மணியைப் பற்றி எனக்கு என்ன தெரிந்திருந்தது?

"அந்தக் குல்லாயை எடுத்தது நான்" என்றார் அத்தை. "இவ தைச்சா. எடுத்தது நான்."

"அண்ணி! சும்மா இருங்க!" தையல்காரி எழுந்துவிட்டாள். "சார், இவங்களுக்குத் தலை சரியில்ல. வயசாச்சு. என்னமோ சொல்றாங்க. நான்தான் எடுத்தேன், என் பேரை எழுதுங்க."

"எனக்குத் தலை நல்லாத்தான் இருக்கு. நீ உட்காரு."

"அண்ணி, உங்களுக்கு இது மூணாவது."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் பேனாவை மேஜையில் வைத்தார். கண்ணை மூடி நெற்றியைத் தேய்த்தார்.

"அம்மா, நீங்க சொன்னதை நான் இன்னும் எழுதல" என்றார். "போன வருஷம் இந்தக் கடையில வேலை பார்த்த ஒரு பொண்ணைத் திருட வந்தவன் ஒருத்தன் தள்ளிவிட்டு மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. அந்த மாதிரி ஆளுங்களுக்காக வந்த சட்டம் இது. நாங்கதான் கேட்டு வாங்கினோம். உங்களுக்காகக் கேக்கல. ஆனா தாள்ல உங்களுக்குன்னு தனியா ஒரு கட்டம் போடல. ரெண்டு பேர்ல ஒருத்தர் பேரை எழுதியாகணும். பட்டை இல்லாத பொருளை இந்தப் பொண்ணு பார்த்தாச்சு, புஸ்தகத்துல ஏத்தியாச்சு. இவங்க வெறும் தைச்சவங்கதான்னா இவங்க மேல ஒண்ணும் இல்ல, எழுந்து வீட்டுக்குப் போகலாம். உங்க பேருன்னா நான் ஃபோன் பண்ணணும். யோசிச்சுச் சொல்லுங்க."

நான் அத்தையின் காதருகே குனிந்தேன். "அத்தை, அவளுக்கு வக்கீல் வச்சுக்கலாம். நீங்க வாயைத் திறக்காதீங்க" என்றேன்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. "மிஷின்காரரே, நீங்க நல்ல மனசுலதான் சொல்றீங்க" என்றார். பிறகு மேனேஜரிடம் திரும்பினார். "எடுக்காததுக்கு முப்பத்தொரு வருஷம் கையைத் தூக்கினேன் தம்பி. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எடுக்காத இவளை அப்படி நிக்க வைக்க மாட்டேன். இதை நான் எடுத்தேன். என் பேரை எழுதுங்க."

மேனேஜர் எழுதினார். மெதுவாக எழுதினார். அத்தை கையெழுத்துப் போட்டார்.

போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. காவல்காரப் பெண் கேட்காமலே எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள், ஒரு பன் பாக்கெட்டையும் பிரித்து வைத்தாள். தையல்காரி அத்தையின் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். அத்தை ஒரு கையால் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இன்னொரு கையால் குல்லாயை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"ஓரத்தையும் பிரிச்சா அடிச்சே?"

"ஆமா அண்ணி."

"நல்லா வந்திருக்கு. வளைவுல சுருக்கம் விழல."

"உங்களை மாதிரி வருமா? நீங்க காலர் வளைச்ச கை."

"காலர் வேற, குல்லாய் வேற. இது கஷ்டம்" என்றார் அத்தை. பன்னைப் பிட்டு ஒரு துண்டை அவள் வாயில் வைத்தார். "சாப்பிடு. மதியம் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே."

டிரைவர் யூனிஃபார்மோடு, தலை முழுக்க நனைந்து ஓடி வந்தபோது போலீஸ் வண்டியும் வந்துவிட்டது. "அக்கா" என்று கூப்பிட்டார். "சாயங்கால வண்டியை யாருகிட்டடா விட்டுட்டு வந்தே?" என்று அத்தை கேட்டார்.

ஆறு வாரம் கழித்து வழக்கு. டாக்டர் கடிதம் கொடுத்தோம். அந்த மேனேஜரே வந்து, பொருள் திரும்பி வந்துவிட்டது என்று சொன்னார். நீதிபதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மூன்றாவது தடவைக்கு இதைவிடக் குறைக்கச் சட்டத்தில் எனக்கு இடமில்லை என்று சொல்லி நாலு மாதம் கொடுத்தார். உள்ளே டாக்டர் பார்க்கவேண்டும் என்று எழுதியும் வைத்தார். பேப்பரில் ஒரு ஓரமாகச் செய்தி வந்தது. டிரைவர் அதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜெயிலில் பார்க்க வெள்ளிக்கிழமைதான் விடுவார்கள். முதல் வெள்ளிக்கிழமை டிரைவருக்கு லீவு கிடைக்கவில்லை. தையல்காரி தனியாகப் போனாள். அவித்த முட்டை, ரொட்டி எல்லாம் கட்டிக்கொண்டு போனவள், அதில் பாதியை ஜெயில்காரர்கள் வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு மதியம் இரண்டு மணிக்கு வந்தாள். மேலே போகாமல் நேரே என் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. தெருவில் நல்ல வெயில்.

"எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்காங்க அண்ணே. இளைக்கல. டாக்டரம்மா வாரம் ரெண்டு தடவை பேசுறாங்களாம். சமையல்கட்டுல கிழங்கு சீவுறாங்களாம். அவ்வளவு மெல்லிசா சீவினதைப் பார்த்து எல்லாரும் கூடி நின்னு வேடிக்கை பார்த்தாங்களாம்." லேசாகச் சிரித்தாள்.

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

அவள் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி என்னைச் சோதனை போட்டாங்க அண்ணே. கையைத் தூக்குன்னாங்க. முடியை அவிழ்னாங்க. கழுத்து, இடுப்பு, எல்லாம் தடவினாங்க. பாவம், அந்தப் பொண்ணு மரியாதையாத்தான் செஞ்சா. எங்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சு இப்படி அடிச்சுக்குது. ஏதோ வச்சிருக்கேனோன்னு நானே என்னைச் சந்தேகப்படுறேன். ஒரே ஒரு தடவை அண்ணே. ரெண்டு நிமிஷம்." உள்ளங்கையை மடியில் தேய்த்தாள். "அவங்க தினமும் நின்னிருக்காங்க. நின்னுட்டு வீட்டுக்கு வந்து எங்களுக்கு ரொட்டி சுட்டுப் போட்டிருக்காங்க. ஒரு நாளாவது நான் கேட்டேனா, ஏன் அண்ணி முகம் வாடியிருக்குன்னு?"

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு டீ வாங்கிவரப் போனேன்.